இரண்டு கம்பெனி, இரண்டு ஹார்ப்: பாரிசில் நடந்த தந்திச் சண்டை

1905-ம் வருடம் பாரிசில் ஹார்ப் வாங்கக் கிளம்பிய ஒரு இசை மாணவியின் நிலைமை கொஞ்சம் கஷ்டம்தான். ஹார்ப் என்பது நம் பழைய யாழுக்குத் தூரத்துச் சொந்தம், ஆனால் ஆள் உயரத்துக்கு நிற்கும். விலையும் அதே உயரம். சாதாரண வீட்டுப் பெண் என்றால் ஒரு தடவைதான் வாங்க முடியும், பிறகு அதை வைத்துத்தான் பிழைப்பு.

ஊரிலோ இரண்டு பெரிய கம்பெனிகள். இரண்டுமே பியானோ செய்து பெயர் வாங்கியவை. ஏரார் விற்றது காலடியில் 7 பெடல் உள்ள ஹார்ப். ப்ளெயெல் விற்றது பெடலே இல்லாத, 78 தந்திகளை இரண்டு வரிசையாகக் கட்டிய ஹார்ப். ஒன்றில் பழகிய கை (காலும்தான்!) இன்னொன்றில் உதவாது. பாரிஸ் கான்செர்வத்வார் என்ற அரசு இசைக் கல்லூரியில் இரண்டுக்கும் தனித்தனி வகுப்பு வேறு. எதை வாங்குவது?

விஎச்எஸ், பீட்டாமேக்ஸ் வீடியோ டேப் சண்டையை மார்க்கெட்டிங் பாடத்தில் படித்தவர்களுக்கு இந்தக் கதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். ஆனால் இது அதற்கும் எழுபது வருடம் முந்தியது.

முதலில் பிரச்சினை என்ன என்று பார்த்துவிடலாம். ஒரு ஸ்தாயியில் 12 சுரஸ்தானம். பியானோவில் அதற்கு 7 வெள்ளைக் கட்டை, 5 கறுப்புக் கட்டை. சாதாரண ஹார்ப்பில் வெள்ளைக் கட்டைகளுக்கு மட்டும்தான் தந்தி உண்டு. கறுப்புக்கும் சேர்த்து ஒரே வரிசையில் கட்டினால் ஒரு ஸ்தாயிக்குக் கை விரிக்கவே போதாது.

அப்படியானால் இரண்டாவது வரிசை போடலாமே என்ற யோசனை ரொம்பப் பழையது. 16-ம் நூற்றாண்டு முடிவதற்குள் இத்தாலியில் 'ஆர்ப்பா தோப்பியா', அதாவது இரட்டை ஹார்ப், வந்துவிட்டது. மான்டெவெர்டி 1607-ல் மான்டுவா நகரில் அரங்கேற்றிய 'ஓர்ஃபேயோ' ஓபராவில் இந்த வாத்தியத்தைப் பெயர் சொல்லியே கேட்கிறார். ஸ்பெயின்காரர்கள் இரண்டு வரிசையையும் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே கட்டினார்கள். வேல்ஸில் மூன்று வரிசை. வெளியே இரண்டு வரிசையிலும் அதே சுரங்கள், கறுப்புக் கட்டை சுரங்கள் நடுவில். இரண்டு தந்திகளுக்கு இடையே விரலை நுழைத்து நடுத் தந்தியை மீட்ட வேண்டும். பார்க்கவே பயமாக இருக்கும்.

இதையெல்லாம் ஓரம் கட்டியது பெடல். 18-ம் நூற்றாண்டிலேயே பவேரியாவில் பெடல் ஹார்ப் வந்துவிட்டது, மரி ஆன்த்வானெத் ராணி வாசித்ததும் பெடல் ஹார்ப்தான். ஆனால் அதை முழுமையாக்கியவர் செபஸ்தியான் ஏரார். பிரெஞ்சுப் புரட்சி சமயத்தில் லண்டனுக்குப் போனவர், அங்கேயே 1810-ல் காப்புரிமை வாங்கினார். அவருடைய ஏற்பாட்டில் ஒவ்வொரு பெடலுக்கும் மூன்று நிலை. 'சி' பெடலை மிதித்தால் எல்லா ஸ்தாயியிலும் உள்ள 'சி' தந்திகள் ஒரே நேரத்தில் அரை சுரம் ஏறும், இன்னொரு படி மிதித்தால் இன்னொரு அரை சுரம். மிதிக்கும்போது தூணுக்குள் ஓடும் கம்பிகள் மேலே உள்ள சின்னத் தட்டுகளைத் திருப்புகின்றன. தட்டில் உள்ள இரண்டு முளைகள் தந்தியைக் கவ்வி அதன் நீளத்தைக் குறைக்கின்றன. அவ்வளவுதான் ரகசியம். இன்றைய ஆர்கெஸ்ட்ரா ஹார்ப்பும் இதே தத்துவம்தான்.

ஆனால் 19-ம் நூற்றாண்டு போகப் போக, வாக்னர் மாதிரி ஆட்கள் வந்து நிமிடத்துக்கு நிமிடம் சுருதியை மாற்றி எழுத ஆரம்பித்தார்கள். ஹார்ப்காரர்களின் கால் தையல் மெஷின் ஓட்டுகிற கால் மாதிரி ஆனது. பெடல் சத்தம் வேறு. இந்த இடத்தில்தான் ப்ளெயெல் கம்பெனியின் தலைவர் குஸ்தாவ் லியோன் நுழைகிறார். அடிப்படையில் எஞ்சினியர். 1890-களில் அவர் கொண்டுவந்த ஹார்ப்பில் வெள்ளைக்கு ஒரு வரிசை, கறுப்புக்கு ஒரு வரிசை, இரண்டும் நடுவில் குறுக்கிடும். ஸ்பெயின்காரர்களின் பழைய யோசனைதான், புது உடம்பில். எல்லாச் சுரத்துக்கும் தனித் தந்தி. காலுக்கு வேலையே இல்லை.

காகிதத்தில் பார்த்தால் லியோன் ஜெயித்திருக்க வேண்டும். அவருக்கு வியாபாரமும் தெரிந்திருந்தது. வாத்தியம் மட்டும் விற்றால் போதாது, வாத்தியாரும் பாட்டும் வேண்டும் என்று புரிந்துகொண்டார். பிரஸ்ஸல்ஸ் கல்லூரியில் வகுப்பு வந்தது, 1903-ல் பாரிசில் வந்தது. 1904-ல் ப்ளெயெல் கேட்டதன் பேரில் க்ளோத் டெபுஸ்ஸி, இந்த ஹார்ப்புக்கும் தந்திவாத்தியக் குழுவுக்குமாக இரண்டு நடனங்கள் எழுதினார். ஒன்று 'புனித', மற்றது 'லௌகிக'. சமர்ப்பணம்: குஸ்தாவ் லியோனுக்கு.

ஏரார் சும்மா இருக்குமா? அடுத்த வருடமே மொரீஸ் ராவெலைப் பிடித்தது. அவர் ஹார்ப், புல்லாங்குழல், கிளாரினெட், நான்கு வயலின் குடும்ப வாத்தியங்கள் என்று ஏழு பேருக்கு 'முன்னுரையும் அலெக்ரோவும்' எழுதிக் கொடுத்தார். சமர்ப்பணம்: ஏரார் தலைவர் ஆல்பெர் ப்ளோந்தெலுக்கு. உலகத்தின் மிக அழகான இரண்டு விளம்பரங்கள் என்று இவற்றைத் தாராளமாகச் சொல்லலாம். :-)

ராவெலின் விளம்பரத்தில் ஒரு குத்தல் உண்டு. தந்திகள் மேல் விரலை ஒரே இழுப்பாக இழுப்பதற்கு க்ளிஸாண்டோ என்று பெயர், சினிமாவில் கனவுக் காட்சிக்குப் போகும்போது வருமே, அதுதான். பெடலை இடம் மாற்றி, பக்கத்துப் பக்கத்துத் தந்திகளை ஒரே சுரத்துக்குக் கொண்டுவந்து, வேண்டாத சுரங்களை மறைத்துவிட்டு இழுத்தால் விதவிதமான கார்டுகள் அலை அலையாக வரும். லியோனின் ஹார்ப்பில் ஒரே இழுப்பில் வருவது இரண்டே நிறம்: வெள்ளை வரிசை அல்லது கறுப்பு வரிசை. ராவெல் க்ளிஸாண்டோவை அள்ளித் தெளித்திருக்கிறார். எதிரிக்கு எது வராதோ அதைக் காட்டுவதுதானே நல்ல விளம்பரம்.

இருந்தாலும் ப்ளெயெல் தோற்றதற்கு க்ளிஸாண்டோ மட்டும் காரணம் என்று சொல்வது சரியாகப் படவில்லை. 78 தந்திகளுக்கும் சுருதி சேர்க்க வேண்டும், அறுந்தால் வாங்க வேண்டும். அதைவிட முக்கியம், ஆட்கள். பாரிஸ் கல்லூரியில் 1884 முதல் 1912 வரை பெடல் ஹார்ப் சொல்லிக் கொடுத்தவர் அல்ஃபோன்ஸ் ஹாஸல்மான். அவரிடம் படித்தவர்கள் ஆன்ரியெத் ரெனியே, மார்செல் தூர்னியே, கார்லோஸ் ஸல்செதோ என்று நீளும். தூர்னியே குருவின் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். ஸல்செதோ அமெரிக்காவில் கர்டிஸ் கல்லூரியின் ஹார்ப் துறையை 1924-ல் ஆரம்பித்தார். சிகாகோவில் லயன் அண்ட் ஹீலி கம்பெனி 1889 முதலே பெடல் ஹார்ப் செய்துகொண்டிருந்தது. அந்த மாணவி பெடல் ஹார்ப் வாங்கியிருந்தால் உலகம் பூராவும் வாத்தியாரும் மெக்கானிக்கும் ஆர்கெஸ்ட்ரா வேலையும் கிடைக்கும். ப்ளெயெல் வாங்கியிருந்தால் பாரிஸ், பிரஸ்ஸல்ஸ் தாண்டினால் சிக்கல்.

பாட்டுகளும் மெல்ல அணி மாறின. டெபுஸ்ஸியின் நடனங்கள் பெடல் ஹார்ப்புக்குப் போயின, இன்று பெரும்பாலும் அதில்தான் கேட்கிறோம். ஆந்த்ரே கப்லே 1908-ல் ப்ளெயெல் ஹார்ப்புக்கு எழுதியதை 1920-களில் அவரே பெடலுக்கு மாற்றினார். பாரிஸ் வகுப்பு 1933-ல் மூடப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், 1960-ல் ஏரார் கவோ என்ற இன்னொரு பியானோ கம்பெனியுடன் இணைந்தது, 1961-ல் ப்ளெயெலும் அதே குடைக்குள் வந்தது. சண்டை போட்ட இரண்டும் ஒரே முதலாளியிடம்.

இன்று 'இரட்டைத் தந்தி ஹார்ப்' என்று தேடினால் வருவது பெரும்பாலும் வேறு சாதி. அதில் இரண்டு வரிசையும் குறுக்கிடாமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடும், இரண்டிலும் அதே வெள்ளைக் கட்டை சுரங்கள். ஒரு கை வாசித்த சுரத்தையே மறு கை அடுத்த வரிசையில் உடனே எதிரொலிக்கலாம், முதல் தந்தியின் நாதம் அறுபடாது. சின்ன உடம்பில் பெரிய சத்தம். ஆனால் கறுப்புக் கட்டை சுரத்துக்குத் தந்திக்குத் தந்தி லீவரைத் தட்ட வேண்டும், அதுவும் இரண்டு வரிசையிலும். டெபுஸ்ஸியை மனதில் வைத்துக்கொண்டு இதை வாங்கினால் அந்த நடனங்களை வாசிக்க முடியாது. கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, வரிசைகள் குறுக்கிடுகின்றனவா, இணையாக ஓடுகின்றனவா என்பதுதான். அடுத்தது, லீவர் எல்லாத் தந்திக்கும் உண்டா, அல்லது பாதிக்குத்தானா?