ரிகவரி பாயிண்ட்

சேற்றிலோ மணலிலோ புதைந்த வண்டியை இழுத்து மீட்பதற்காக அதன் சேஸிஸில் (அடிச்சட்டத்தில்) பொருத்தப்படும் வளையம் அல்லது கொக்கி. 'ரிகவர்' என்ற சொல் இலத்தீன் 'ரெகுபெராரே'யிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கைவிட்டுப் போனதைத் திரும்பப் பெறுதல் என்பது மூலப்பொருள். நோயிலிருந்து தேறுவதையும் இதே சொல் குறிக்கும்.

வண்டியில் காணும் எல்லா வளையமும் ரிகவரி பாயிண்ட் ஆகிவிடாது. பல வண்டிகளில் தொழிற்சாலையே வைத்துத் தரும் வளையம் கப்பலில் கட்டி ஏற்றவோ, சமதள சாலையில் கட்டி இழுக்கவோ மட்டுமே. எடுத்துக்காட்டாக, சுசுகி ஜிம்னி என்ற சிறிய வண்டி சுமார் 1,100 முதல் 1,200 கிலோ எடைதான். ஆனால் அச்சுவரை சேற்றில் இறங்கிவிட்டால் இழுவிசை அந்த எடையையும் தாண்டும். அதனால் கனத்த எஃகுத் தகட்டாலான பாயிண்ட்டை, 8.8 தரத்துக்குக் குறையாத போல்ட்டுகளால் சேஸிஸிலேயே முடுக்குவார்கள், பம்பரில் அல்ல. அதில் இழுபட்டையை மாட்டும் ஷேக்கிள் என்ற இணைப்பு வளையத்தின் உடலில் '4.75 டன்' என்பதுபோலத் தாங்கு அளவு பொறித்திருக்க வேண்டும்.

டிரெய்லர் மாட்டும் டோ பால் ஒருபோதும் ரிகவரி பாயிண்ட் ஆகாது. இழுபட்டை சுண்டும்போது அந்த டோ பால் முறிந்து குண்டாகப் பாயக்கூடும். ஆஸ்திரேலியாவில் இதனால் உயிர்கள் போயிருக்கின்றன.