மெட்ராஸில் பிறந்த கேள்வித்தாள்

சாப்பாட்டு விஷயத்தில் மனம் கோணிப்போனவர்களை ஒரு தாளை நிரப்பச் சொல்லியே அடையாளம் காணலாம் என்று டொரண்டோவில் இருவர் முயன்றார்கள். டேவிட் கார்னரும் பால் கார்ஃபிங்கலும் 1979இல் வெளியிட்ட படிவத்தில் 40 வாக்கியங்கள். 1982இல் அது 26ஆகச் சுருங்கி 'ஈட்-26' ஆனது. 'எப்போதும்' தொடங்கி 'ஒருபோதும் இல்லை' வரை ஆறு பதில்கள். ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். பதில்களுக்குரிய மதிப்பெண்களின் கூட்டுத்தொகை 20ஐத் தொட்டால் மருத்துவர் கூப்பிட்டுப் பேசுவார். நோய் உண்டா இல்லையா என்பது அந்தப் பேச்சில்தான் தெரியும்.

மைக்கேல் கிங், தினேஷ் புக்ரா இருவரும் வட இந்தியாவில் 580 பள்ளி மாணவிகளிடம் இந்தத் தாளைக் கொடுத்துப் பார்த்து, 1989இல் முடிவை எழுதினார்கள். 29 சதவீதம் பேர் அந்த 20 என்ற எல்லையைத் தாண்டியிருந்தார்கள்! அத்தனை பேருக்கும் நோய் இல்லை. சில கேள்விகளை அந்தப் பெண்கள் வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். விரதம் இருக்கும் வீட்டுப் பெண்ணிடம் சாப்பாட்டில் கட்டுப்பாடு உண்டா என்று கேட்டால் பெருமையாக டிக் அடிக்கத்தானே செய்வாள்? உணவைச் சிறு துண்டுகளாக்கிச் சாப்பிடுவதும் அந்தத் தாளில் ஓர் அறிகுறி. தோசையைப் பிய்க்காமல் எப்படித் தின்பதாம்?

இன்னொரு பக்கமும் உண்டு. சாப்பிட மறுத்து, ஓயாமல் வாந்தியெடுத்து, உடல் வற்றிப்போன ஐந்து இளம்பெண்களைப் பற்றி டெல்லி மருத்துவர்கள் 1995இல் எழுதினார்கள். தன் உடம்பு குண்டு என்ற எண்ணம், மேல்நாட்டு நோயாளிகளிடம் காண்பதுபோல், இவர்களிடம் இல்லை. அந்த எண்ணத்தையே துருவித் துருவிக் கேட்கும் தாளில் இவர்கள் எப்படிச் சிக்குவார்கள்?

மெட்ராஸில் டி.என். சீனிவாசன், டி.ஆர். சுரேஷ், வசந்தா ஜெயராம் ஆகியோர் மருத்துவ மாணவர்கள் 210 பேரை ஆராய்ந்தபோது 31 பேர் சாப்பாட்டை நினைத்தே அவதிப்படுவது தெரிந்தது. அதாவது 14.8 சதவீதம். நோய் என்று பெயர் வைக்குமளவுக்கு முற்றவில்லை. சும்மா விடக்கூடியதாகவும் இல்லை. டொரண்டோ தாளும், அளவின்றித் தின்றுவிட்டு வாந்தியெடுத்து ஈடுகட்டும் புலிமியா நோய்க்கென எடின்பரோவில் 1987இல் வந்த தாளும் இவர்களைக் கண்டுபிடிக்கப் போதவில்லை. ஆகவே தாங்களே புதிதாக ஒரு கேள்வித்தாளை உருவாக்கி 1998இல் வெளியிட்டார்கள்.

ஆனாலும் இங்கே கல்லூரிகளில் ஆய்வு என்றால் பெரும்பாலும் இன்றைக்கும் ஈட்-26தான். வெளிநாட்டு எண்களோடு ஒப்பிட அதுதான் வசதி.