எண் சொல்லாத ஊர்: கள அஞ்சல் முத்திரைகளை அடையாளம் காணுதல்

டெல்லி ஆர்.கே.புரம் மேற்கு பிளாக்கில் ராணுவ அஞ்சல் சேவையின் தலைமையகம் உள்ளது. 1972 மார்ச் 1 முதல் தனிப் படைப்பிரிவாக விளங்கும் இச்சேவையின் கள முத்திரைகளில் பொதுவாக ஊர்ப்பெயர் இராது. எஃப்.பி.ஓ. (கள அஞ்சலகம்) என்ற எழுத்துகள், ஓர் எண், தேதி, அவ்வளவே. முகவரியும் ஊரைக் காட்டாது: 56 ஏ.பி.ஓ. (ராணுவ அஞ்சலகம்) என்றால் கடிதம் டெல்லி வழியாகப் பிரிக்கப்படும், 99 ஏ.பி.ஓ. என்றால் கொல்கத்தா வழியாக. எண்ணுக்கு நேரே ஊரைக் குறித்த பட்டியல் கிடைத்தால் போதும் என்று சேகரிப்பாளர் பலர் நம்புகின்றனர். அந்த நம்பிக்கை பிழையானது. கள அஞ்சலக எண் இடத்தைக் குறிப்பதன்று. படையோடு கூடவே நடந்த ஓர் அலுவலகத்தைக் குறிப்பது.

1914இல் கடல் கடந்த இந்தியப் பயணப்படைகள் எழுத்துகளால் அழைக்கப்பட்டன. ‘ஏ’ பிரான்ஸுக்கும், ‘பி’, ‘சி’ கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும், ‘டி’ மெசபடோமியாவுக்கும் சென்றன. பிரான்ஸில் போரிட்ட லாகூர், மீரட் காலாட்படை டிவிஷன்கள் 1915 இறுதியில் மெசபடோமியாவுக்கு மாற்றப்பட்டன. படை பெயர்ந்தால் அதன் அஞ்சலகமும் பெயரும். ஆகவே தேதி மங்கிய முத்திரையைக் கொண்டு இடம் சொல்வது வெறும் ஊகம். தேதி, தணிக்கை முத்திரை, அனுப்பியவரின் ரெஜிமென்ட், உள்ளிருக்கும் கடிதம் ஆகியவை ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும்.

ஜார் கால ரஷ்யாவின் கள முத்திரைகளை ஆராய்வோருக்கு இதே இடரோடு நாட்காட்டிச் சிக்கலும் உண்டு. அங்கே வழங்கியது ஜூலியன் நாட்காட்டி. முதல் உலகப் போர்க் காலத்தில் அது 13 நாள் பின்தங்கியிருந்தது. 1914 ஆகஸ்ட் 1 என்று பதிந்த முத்திரை நம் கணக்கில் ஆகஸ்ட் 14. திருத்தாமல் படித்தால், படை போய்ச் சேருமுன்பே அங்கிருந்து கடிதம் வந்ததாகிவிடும். கட்டணமின்றிச் சென்ற சிப்பாய்க் கடிதங்கள் பலவற்றில் படைப்பிரிவின் முத்திரையும் விழுந்திருப்பதே ஆய்வாளருக்குத் துணை.

சேகரிப்பு உலகமோ முத்திரையைவிட அஞ்சல்தலை மீதான மேலச்சையே நெடுங்காலமாகப் பெரிதும் மதித்து வந்திருக்கிறது. 1914இல் இந்தியப் பயணப்படைக்கென ‘ஐ.இ.எஃப்.’ என்று மேலச்சிட்ட தலைகளும், 1953இல் கொரியா சென்ற இந்தியக் காவற்படைக்கும் 1954இல் இந்தோசீன ஆணையத்துக்கும் தேவநாகரியில் மேலச்சிட்ட தலைகளும் பட்டியல்களில் நிலைபெற்றுவிட்டன. 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதி காக்கும் படைக்கு அப்படியொரு மேலச்சு இல்லை. தமிழரின் வாழ்வை நேரடியாகத் தொட்ட அந்தக் காலத்தின் அஞ்சல் வரலாறு ஆல்பங்களில் இடம்பெறாமல் போக இதுவே முதற்காரணம் என்பேன். தமிழ்நாட்டுச் சேகரிப்பாளர்கள் முதலில் தேட வேண்டியது அந்தப் படையின் கடித உறைகளையே.

தேடும்போது உறையை முழுதாகக் காக்க வேண்டும். முத்திரையின் ஒரு பாதி தலைமீதும் மறு பாதி உறைமீதும் விழுந்திருக்கும். அனுப்பியவரின் படைப்பிரிவு உறையின் ஓரத்தில் இருக்கும். தண்ணீரில் ஊறவைத்துத் தலையை மட்டும் பிரித்தெடுத்தால், எஞ்சுவது நாட்டின் எந்த அஞ்சலகத்திலும் அன்று விற்ற சாதாரணத் தலை.