கக்கூஸுக்குப் பின்கதவு வைத்தது யார்?

கக்கூஸ் என்கிற வார்த்தை தமிழ் இல்லை. டச்சுக்காரன் போட்டுவிட்டுப் போனது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பழவேற்காட்டில் கோட்டை கட்டி வியாபாரம் செய்தவர்கள் அவர்கள். அவர்கள் மொழியில் 'காக்' என்றால் பீ, 'ஹெய்ஸ்' என்றால் வீடு. இரண்டும் சேர்ந்து நம் வாயில் கக்கூஸ் ஆனது. மலையாளத்திலும் சிங்களத்திலும்கூட இதே வார்த்தைதான். அறைக்குப் பேர் கப்பலில் வந்தது. அதைக் கழுவுகிறவருக்கு மட்டும் 'தோட்டி' என்று பேரையும் அதற்கான சாதியையும் ஊரிலேயே தயாராக வைத்திருந்தார்கள்.

வியாசர்பாடி எம்.கே.பி. நகரில் அப்பா வாங்கிய பழைய வீட்டில் இப்போது பாத்ரூமை இடித்துக் கட்ட வேண்டியிருக்கிறது. நாலடிக்கு நாலடியில் குளிக்க ஒரு அறை, அதை ஒட்டி அதைவிடச் சின்னதாக ஒரு கக்கூஸ், நடுவில் ஒரு சுவர். பீங்கானில் விரிசல் விட்டுப் பல வருஷம் ஆகிறது. அம்மாவுக்கு முட்டிவலி, குத்துக்கால் போட முடியவில்லை. நடுச்சுவரை எடுத்துவிட்டு ஒரே அறையாக்கி, உட்காரும் கோப்பை வைக்கலாம் என்று பேப்பரில் படம் போட்டுப் பார்த்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. இந்தக் கக்கூஸ் ஏன் வீட்டுக்குள் இல்லாமல் கொல்லைக் கடைசியில் இருக்கிறது? அதன் பக்கத்துச் சுவரில் மூன்றடி அகலச் சந்துக்கு மட்டும் திறக்கிற ஒரு தகரக் கதவு ஏன் இருக்கிறது?

இந்த வீட்டில் எடுப்புக் கக்கூஸ் இருந்ததில்லை. ஆரம்பத்திலிருந்தே தண்ணீர் ஊற்றுவதுதான். ஆனாலும் படம் போட்ட கைக்குப் பழக்கம் போகவில்லை. எடுப்புக் கக்கூஸைப் பார்க்காத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மேலே ஓட்டை வைத்த மேடை. கீழே வாளியோ தகரமோ. பின்சுவரில் ஒரு பொந்து, அதற்கு ஒரு தட்டி. விடிவதற்குள் சந்து வழியாக ஒருவர் வந்து, தட்டியைத் தூக்கி, வாளியை இழுத்து, சாம்பல் தூவி, கூடையில் கொட்டிக்கொண்டு போக வேண்டும். வீட்டுக்காரர் கண்ணில் படக்கூடாது. பீ போகிற வழியும் ஆள் வருகிற வழியும் ஒன்றே என்று கட்டடமே சொல்லிவிடும்.

எங்கள் ஆயா ராயபுரம், வண்ணாரப்பேட்டை வீடுகளில் அந்த வேலை செய்தவர். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். நெல்லூர்ப் பக்கமிருந்து நகரசுத்திக்காக வந்து சேர்ந்த எத்தனையோ குடும்பங்களைப் போலத்தான். "இருபது வருசம் எடுத்தேன்பா. ஒரு வூட்டு முன்வாசல்கூட எனக்குத் தெரியாது" என்பார். சொல்லும்போது கோபம்கூட இருக்காது. ஏதோ ஊர் விவரம் சொல்வது போலச் சொல்வார்.

1957இல் மல்கானி தலைமையில் ஒரு குழு போட்டார்கள். தலைச்சுமைக்குப் பதில் தள்ளுவண்டி என்பது அந்தக் காலத்துச் சீர்திருத்தம். ஆள் மாறவில்லை, கூடை தலையிலிருந்து இறங்கி வண்டியில் ஏறியது, அதுவும் சில ஊர்களில். மலம் அள்ளுவதைப் புனிதமான தொண்டு என்று காந்தி சொன்னதை அம்பேத்கர் 1945லேயே கிழித்துப் போட்டிருந்தார். புனிதம் என்றால் அதை ஏன் ஒரே சாதி பரம்பரையாகச் செய்ய வேண்டும்? இந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

'பாதாளச் சாக்கடை வந்ததும் எல்லாம் தீர்ந்துவிட்டதே' என்பார்கள். சென்னைக்கு அந்தத் திட்டத்தை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்தபோது, 1961இல் நகரத்தில் ஆறரை லட்சம் பேர் சொச்சம் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டார்கள். 1961 கணக்கெடுப்பில் இருந்தவர்கள் 17 லட்சத்துக்கும் மேல். குழாய் திணறாமல் என்ன செய்யும்? அடைப்பு எடுக்க ஆளை உள்ளே இறக்கினார்கள். பின்சந்தில் நின்றவரைத் தெருவுக்கு அடியில் தள்ளியதுதான் நடந்தது. நகரத்தின் கழிவுநீரில் ஒரு பெரிய பங்கு எங்கள் பக்கத்துக் கொடுங்கையூருக்குத்தான் வருகிறது. குப்பைமேடும் இங்கேதான். ஒரு வீட்டுக்குக் கொல்லை எப்படியோ, இந்த நகரத்துக்கு வடசென்னை அப்படி.

சட்டத்தையும் பார்ப்போம். 1993 சட்டம் உலர் கக்கூஸையும் அதில் கையால் அள்ளுவதையும் தடை செய்தது. சாக்கடைக் குழிக்குள் இறங்குகிறவர் அதன் கண்ணில் படவில்லை. 2013 சட்டம் அவரையும் சேர்த்தது. ஆனால் அதில் 'ஆபத்தான சுத்தம்' என்பதற்குப் பொருள், பாதுகாப்புக் கருவி கொடுக்காமல் ஆளை இறக்குவது. கருவி கொடுத்தால் இறக்கலாம் என்று அங்கேயே ஒரு பொந்து! இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் உச்சநீதிமன்றம் சொன்னது, 2023இல் 30 லட்சம் ஆக்கியது. நாடாளுமன்றத்தில் வைத்த சாவுக் கணக்குகளில் தமிழ்நாடு முன்வரிசையில் நின்றது. திவ்யா பாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படம் 2017இல் அந்த வீடுகளைக் காட்டியது. அதே 2013 சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ஆளை இறக்கக்கூடாது என்கிற தடை அரசுக்கு மட்டுமில்லை, எந்த நபருக்கும்தான். வீட்டுக்காரருக்கும் சேர்த்து.

எனவே பாத்ரூம் கட்டுகிறவர் முதலில் கேட்க வேண்டியது டைல்ஸ் கலரை இல்லை. அடைத்துக்கொண்டால் யார், எந்த வழியாக வருவார் என்பதைத்தான். மேஸ்திரியிடம் பேசினேன். "சேம்பரு பின்சந்துலயே இருக்கட்டும்ணா. மூடி மேல டைல்ஸ் ஒட்டிடலாம், கண்ணுக்கே தெரியாது" என்றார். அவர் மேல் தப்பில்லை. எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள்.

எங்கள் குழாய் பின்சந்தில் இறங்கி, மூன்று இடத்தில் மடங்கி, சுற்றிக்கொண்டு தெருவுக்குப் போகிறது. மடங்குகிற இடத்தில்தான் அடைக்கும். ஜெட்ராடிங் வண்டி தெருவில் நிற்கும், மூன்றடிச் சந்துக்குள் வராது. வண்டி வராத இடத்துக்கு ஆள் வருவார். அவர் யாராக இருப்பார் என்று நமக்குத் தெரியும்.

அதனால் என் படத்தை மாற்றினேன். பக்கவாட்டு நடை வழியாக நாலங்குலக் குழாய் நேராக முன்பக்கம் வரும். 40 அடிக்கு ஓர் அடி சரிவு என்பது கணக்கு. எங்களுக்கு 30 அடி நீளம், ஒன்பது அங்குலம் வேண்டும். அந்த இறக்கத்துக்காகவும், 2015லும் 2023 மிக்ஜாம் புயலிலும் வியாசர்பாடியில் தேங்கிய வெள்ளத்தை நினைத்தும், பாத்ரூம் தரையை ஒரு படி உயர்த்துகிறோம். திருப்பம் தவிர்க்க முடியாத ஒரே இடத்தில், திறந்து குத்திவிடத் தோதாகக் கதவு வைத்த பெண்டு. குளிக்கிற தண்ணீருக்கு நஹானி டிராப், அதில் இரண்டங்குலம் தண்ணீர் நின்றால் சாக்கடை வாயு மேலே ஏறாது. சேம்பர் முன்வாசல் குழாயடிக்குப் பக்கத்தில், மூடி வெளியே தெரிய. துணி, நாப்கின் எதுவும் கோப்பைக்குள் போகாமல் இருக்க உள்ளேயே மூடி போட்ட கூடை. இதற்கெல்லாம் ஆகிற செலவை டைல்ஸில் பிடிக்கிறோம். பாதிச் சுவருக்குத்தான் டைல்ஸ், மேலே சுண்ணாம்பு.

"வாசல்ல போய் கக்கூஸ் மூடியா? வர்றவங்க இன்னா நெனப்பாங்க?" என்று வீட்டில் கேட்டார்கள். நினைக்கட்டும். நம் ஆட்களும் இன்று கடன் வாங்கி வீடு கட்டுகிறோம், வீட்டுக்காரர் என்று பேர் வாங்குகிறோம். கட்டுகிற வீட்டில் ஆயாவுக்கு வைத்த பின்கதவையும் சேர்த்து நாமே ஏன் கட்ட வேண்டும்? எங்கள் வீட்டுத் தகரக் கதவைக் கழற்றிப் பழைய இரும்புக் கடைக்குப் போடப்போகிறோம். அந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசச் சொல்லியிருக்கிறேன்.