எங்கள் கூடத்தில் ஜீலம் போர்

தில்லியில் மழை பிடித்துக்கொண்ட ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக் கூடத்தில் கி.மு. 326 பிறந்துவிடும். உணவு மேசையின்மேல் இரண்டடிச் சதுரத்தில் பச்சைத் துணி ஒன்றை விரிப்போம். அதன் ஓரத்தில் ஒரு நீல நாடா. அதுவே ஜீலம் நதி. அட்டைத் துண்டுகளில் ஒட்டிய களிமண் யானைகளும் தேர்களும் ஒருபுறம். நெடிய ஈட்டி ஏந்திய காலாட்களும் குதிரை வீரரும் மறுபுறம். பதின்மூன்று வயது மகள் எப்போதும் போரஸ். ஒன்பது வயது மகன் எப்போதும் அலெக்சாந்தர். நடுவர் பொறுப்பு மட்டும் எங்களுக்கு. பகலெல்லாம் அரசாங்கக் கோப்புகளை மொழிபெயர்க்கும் கைக்கு இது நல்ல மாற்று.

இது பிள்ளை விளையாட்டுத்தானே என்று நேயர்கள் நினைக்கலாம். ஆனால் இதன் வரலாறு நெடியது. தேர், யானை, குதிரை, காலாள் என்ற நால்வகைப் படையைப் பலகைமேல் நிறுத்திய சதுரங்கம் நம் நாட்டில் தோன்றியது. பாணர் 7ஆம் நூற்றாண்டில் இயற்றிய ஹர்ஷசரிதத்திலேயே அதைப் பற்றிய குறிப்பு உண்டு. பல நூற்றாண்டுகள் கழித்துப் பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்ற படை அதிகாரி, தம் தந்தை தொடங்கிவைத்த போர் விளையாட்டைத் திருத்தி 1824இல் விதிநூலாக வெளியிட்டார். நிலப்படமும் பகடையும் நடுவரும் கொண்ட அவ்விளையாட்டு அந்நாட்டுப் படைத்தலைவர்களுக்குப் பயிற்சியாயிற்று. பின்னர் ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் தரையில் தகரச் சிப்பாய்களை நிறுத்தி, வில்சுருள் பீரங்கியால் மரக்குச்சிகளை எய்து விளையாடினார். 1913இல் அதற்கென ஒரு நூலும் எழுதினார். மெய்ப்போருக்குப் பதில் இந்தப் பொம்மைப் போரே போதும் என்பது அவர் கட்சி. மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது.

பண்டைக்காலப் போர்களை மட்டும் ஆடும் அன்பர்கள் 1965இல் இங்கிலாந்தில் ஒரு சங்கம் கண்டனர். 1990இல் பில் பார்க்கரும் துணைவரும் வெளியிட்ட விதிகளே எங்கள் வீட்டு ஆட்டத்துக்கு அடிப்படை. பக்கத்துக்குப் பன்னிரண்டே படைத்துண்டுகள். ஒவ்வொரு முறையும் பகடை உருட்டி, விழுந்த எண்ணுக்கு ஏற்பவே படையை நகர்த்தலாம். பொதுவாக நான்கு துண்டுகளை முதலில் இழந்தவர் தோற்றவர். சதுரங்கத்தில் நினைத்ததைச் செய்யலாம். இங்கே நினைத்ததில் பாதிக்குத்தான் வாய்ப்பு. மெய்யான தளபதிகளின் நிலையும் இதுவே அன்றோ?

ஜீலம் போர்க்கதை நேயர்கள் அறிந்ததே. பெருக்கெடுத்த ஆற்றின் அக்கரையில் போரஸ் காத்திருந்தான். அலெக்சாந்தர் இரவு தோறும் கரையோரம் ஆரவாரம் செய்வித்து எதிரியைச் சலிப்படைய வைத்தான். பின்னர் கிராட்டெரஸ் என்ற தளபதியை முகாமில் நிறுத்திவிட்டு, இடியும் மழையுமான ஓர் இரவில் ஆற்றின் மேற்புறம் நெடுந்தொலைவு சென்று கடந்தான். அவனைத் தடுக்க முதலில் விரைந்த தேர்கள் சேற்றில் புதைந்தன. இந்திய வில் ஆளுயரம் உடையது; அதன் நுனியைத் தரையில் ஊன்றிக் காலால் அழுத்தி எய்வது வழக்கம். ஈர மண்ணில் ஊன்ற இயலாமல் வில்லாளிகள் தவித்தனர் என்கிறார் கர்ட்டியஸ்.

ஆகவே எங்கள் வீட்டில் மழை ஒரு விதி. மழை உண்டென்றால் தேர் நகராது. வில்லுக்குப் பகடையில் ஒன்று குறையும். இந்த விதியால் மகள் நான்கு வாரம் தொடர்ந்து தோற்றாள். ஐந்தாம் வாரம் பகடையைத் தொடாமல் கேட்டாள்: "அப்பா, இந்தக் கதையை எழுதியவர் யார்? நம்மவர் ஒருவராவது எழுதினாரா?"

எழுதியது எதுவும் கிடைக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. நமக்குக் கிடைத்துள்ள பண்டை இந்திய நூல்களில் இப்போரைப் பற்றி ஒரு சொல் இல்லை. முதன்மைச் சான்றாகிய அர்ரியான் எழுதியதோ போர் முடிந்து நான்கு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து. அவருக்கு ஆதாரமான பழைய நூல்கள் மறைந்துபோயின. போரஸ் என்ற பெயரே கிரேக்கர் நாவில் திரிந்து வந்தது.

"அப்படியானால் யானைகளை எண்ணியவர் யார்?" என்றாள் அடுத்து.

நூல்களை எடுத்துப் பார்த்தோம். அர்ரியான் 200 யானைகள் என்கிறார். டியோடோரஸ் 130. கர்ட்டியஸ் 85. தேர்களிலும் அப்படியே: அர்ரியானுக்கு 300, டியோடோரஸுக்கு ஆயிரத்துக்கும் மேல். மகள் மூன்றையும் ஒரு தாளில் எழுதித் தம்பியின் முன் வைத்தாள். "முதலில் இவர்கள் ஒரு கணக்குக்கு வரட்டும், பிறகு நான் தோற்கிறேன்" என்றாள். வழக்கறிஞர் வாதம்தான், ஆயினும் அதில் நியாயம் இருந்தது. வெற்றி பெற்றவனின் கணக்கப்பிள்ளை எழுதிய ஏட்டை இரண்டாயிரம் ஆண்டுகளாக நாமும் நம் கணக்காகவே படித்துவருகிறோம்.

அன்று மழையை நிறுத்திவிட்டு ஆடினோம். "அக்கா மழையையே நிறுத்திவிட்டாள்" என்று மகன் அழாக்குறையாகக் கூவினான். தேர்கள் ஓடின, வில்லும் நன்றாகவே எய்தது. அப்படியும் மகள் தோற்றாள்! காரணம் யானை. அடிபட்டுப் பின்வாங்கும் யானை தனக்குப் பின்னால் நிற்கும் காலாளை நசுக்கும் என்பது எங்கள் விதி. குதிரைப் படை சுற்றி வளைத்தபோது, நெருக்குண்ட யானைகள் தம்மவரையே மிதித்தன என்று அர்ரியானும் எழுதியுள்ளார். அவர் கணக்கு ஐயத்துக்குரியது. இச்செய்தி அவ்வளவு ஐயத்துக்குரியது அன்று என்பதை மேசையே காட்டிற்று. அடுத்த ஆட்டத்தில் யானைகளின் பின்னே இடம் விட்டுக் காலாட்களைப் பக்கங்களில் நிறுத்தினாள். வென்றாள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் பிள்ளைகள் தில்லியில் பிறந்தவர்கள். தமக்குள் சண்டையிடுவதும் சமாதானம் ஆவதும் இந்தியில்தான். தமிழ் என்றால் பாட்டியிடம் தின்பண்டம் கேட்கும் மொழி என்ற அளவில் இருந்தது. இந்த மேசையில் ஒரே ஒரு வீட்டு விதி சேர்த்தோம்: கட்டளை தமிழில் இருந்தால்தான் படை நகரும். முன்னணிப் படைக்குத் தூசி என்றும் பின்னணிப் படைக்குக் கூழை என்றும் நிகண்டுகள் பெயர் தருகின்றன. அலுவலகத்தில் எந்தக் கோப்பிலும் நாங்கள் பயன்படுத்த வாய்க்காத சொற்கள் அவை. இப்போது மகன், "தூசி இரண்டு அடி முன்னே! கூழை அங்கேயே நில்!" என்று கூவுகிறான். அண்டை வீட்டுப் பஞ்சாபிச் சிறுவனும் அவற்றைக் கற்றுக்கொண்டு, முறை வந்தால் கிராட்டெரஸாக ஆடுகிறான்.

நவராத்திரிக்குக் கொலுப்படி கட்டியபோது எங்கள் தாயார் களிமண் யானைகள் மூன்றையும் எடுத்துச் செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். மாசிடோனியக் காலாட்களுக்கும் கீழ்ப்படியில் இடம் கிடைத்தது. படை முழுதும் கொலுவில் இருந்ததால் அந்த ஒன்பது நாளும் போர் இல்லை.