இந்து மகாசமுத்திரத்தில் கடற்படைப் பெருக்கமும் இலங்கையின் பாதுகாப்பும்

வல்லரசுகள் ஒரு சமுத்திரப் பிரதேசத்தில் போர்க்கப்பல்களையும் தளங்களையும் பெருக்கி வருமிடத்து, அப்பெருக்கம் தன்னைக் குறித்ததன்றாயினும், அவற்றின் இடையே அமைந்த சிறிய தேசம் தன் துறைமுகங்களைத் தன் இஷ்டப்படி திறக்கவும் மூடவும் உள்ள சுதந்திரத்தைச் சிறிது சிறிதாக இழக்க நேர்கின்றது. தென்னாசியாவில் இதற்குத் தக்க திருஷ்டாந்தம் இலங்கையே.

இவ்வபாயம் புதியதன்று. 1942 ஏப்ரல் 5-ஆம் தேதி கொழும்பையும் 9-ஆம் தேதி திருகோணமலையையும் ஜப்பானிய விமானங்கள் தாக்கியது, தீவின் ஜனங்கள் எவருக்கும் பகைவராயிருந்தமையாலன்று, பிரிட்டிஷ் கடற்படை அத்துறைகளைத் தன் ஆதாரமாகக் கொண்டிருந்தமையாலேயே. அந்நாட்களிலேயே சென்னையிலும் பீதி பரவி, அரசாங்கக் காரியாலயங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்க்கப்பட, மக்கள் திரள் திரளாகப் பட்டணத்தை விட்டு நீங்கினர்.

இக்காலத்திலோ அத்தகைய போட்டி சீனாவுக்கும் இந்தியாவுக்கும் இடையே நிகழ்கின்றது. 2014-இல் சீன நீர்மூழ்கிக் கப்பல் கொழும்பிற்கு இருமுறை வந்தது. 2017-இல் ஜிபுத்தியில் சீனத் தளம் ஏற்பட்டது. அதே ஆண்டில் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகையாகச் சீன நிறுவனமொன்றின் கைக்குச் சென்றது. இந்தியாவோ, 2013 முதல் அரக்கோணத்தின் ராஜாளி கடற்படைத் தளத்தில் நீர்மூழ்கிகளைத் தேடும் பி-8ஐ விமானங்களை நிறுத்தியதோடு, 2020-இல் தஞ்சாவூரில் சுகோய் போர் விமானப் பிரிவொன்றையும் ஸ்தாபித்தது.

அண்டை நாட்டுப் படையினருக்குப் பயிற்சியளித்து நட்பைப் பேணுவதும் இப்போட்டியின் ஓர் அங்கமாம். ஆயினும் 2012-இல், மாடம்பாக்கத்தை அடுத்துள்ள தாம்பரம் விமானப்படை நிலையத்தில் பயின்றுவந்த இலங்கை விமானப்படையினர், தமிழ்நாட்டில் எழுந்த பலத்த ஆட்சேபத்தால் பெங்களூரின் எலகங்காவிற்கு மாற்றப்பட்டனர். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன் முடிந்த இலங்கை உள்நாட்டு யுத்தத்தில் ஈழத் தமிழர் பட்ட துயரம் இக்கரையில் ஆறாதிருக்க, அதைப் பொருட்படுத்தாத கடற்பாதுகாப்புக் கணக்கு எதுவும் பூரணமாகாது.

இவ்விருபுற நெருக்கடி 2022 ஆகஸ்டில் வெளிப்படையாயிற்று. 15-ஆம் தேதி கடற்கண்காணிப்பிற்காக டோர்னியர் விமானமொன்றை இந்தியா இலங்கைக்கு வழங்கியது. மறுநாளே, வருகையைத் தள்ளிவைக்குமாறு இலங்கை முன்னர்க் கேட்டுக்கொண்டிருந்த சீனக் கண்காணிப்புக் கப்பலான 'யுவான் வாங் 5' அம்பாந்தோட்டையை அடைந்தது. ஒருவரையும் பகைக்க இயலாத இலங்கை, எந்நாட்டு ஆராய்ச்சிக் கப்பலாயினும் தன் கடலில் அனுமதியில்லையென்று 2024 ஜனவரி முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது.