சுயேச்சை

சுயேச்சை: பிறர் ஆணைக்கோ தயவுக்கோ கட்டுப்படாது தன் இச்சைப்படி ஒழுகும் தன்மை, அரசியல் வழக்கில், அங்கீகாரம் பெற்ற கட்சி எதன் சார்பிலும் நில்லாமல் தேர்தலில் நிற்கும் அபேட்சகர். 'சுய', 'இச்சை' என்னும் இரு வடசொற்களின் கூட்டாதலின் இதுவே திருத்தமான வடிவம்; சுவரொட்டிகளில் மலிந்து காணப்படும் 'சுயேட்சை' என்பது அபேட்சகர் என்ற சொல்லின் ஒலியோடு மயங்கிப் பிறந்தது போலும்.

இக்கருத்து தமிழில் ஒரே சொல்லில் அடங்கிவிடவில்லை. தேசத்துக்குச் சுதந்திரம் என்றும், அடிமைப்பட்டவனுக்கு விடுதலை என்றும், கணிதத்தில் ஒன்றன் மதிப்பு மற்றொன்றைப் பொறுத்திராதபோது சாரா மாறி என்றும் வழங்குகிறோம். ஸ்தாபனங்களுக்கு உரியது தன்னாட்சி. கோவைக்கு மேற்கே ஆனைகட்டியில் 1990-இல் மத்திய சர்க்காரின் ஆதரவோடு தன்னாட்சி ஸ்தாபனமாகத் தோன்றிய சலீம் அலி பறவையியல் மையம், பிற்காலத்தில் டேராடூனிலுள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தோடு இணைக்கப்பெற்றதை நோக்குமிடத்து, தன்னாட்சி என்பது கொடுத்தவர் திரும்பப் பெற்றுக்கொள்ளக்கூடிய சுயேச்சை என்றே கொள்ளவேண்டியிருக்கிறது. தத்துவத்தில் மத்வர் இறைவன் ஒருவனையே சுதந்திரனாகவும் ஏனைய யாவற்றையும் பரதந்திரமாகவும் கொண்டார். இலக்கணத்தில் பாணினி வினைமுதலுக்குச் சூட்டிய இலக்கணமும் 'ஸ்வதந்த்ரன்' என்பதே.

பாணினியின் அச்சொல்லை இன்று தேர்தல் சுவரொட்டியில் காண விரும்புவோர் ஆனைகட்டிக்குச் செல்லலாம். தடாகம், மாங்கரை வழியாக மலையேறும் சாலை அங்கே சோதனைச் சாவடியைக் கடந்து பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடிக்குள் நுழைகிறது. இருளர் ஊர்கள் எல்லைக்கு இருபுறமும் உண்டு. இப்புறம் 'சுயேச்சை' எனப்படும் அபேட்சகர் அப்புறம் மலையாளத்தில் 'ஸ்வதந்த்ரன்' ஆகிறார். அதனினும் விசித்திரமாக, 'எல்.டி.எஃப். ஸ்வதந்த்ரன்', 'யு.டி.எஃப். ஸ்வதந்த்ரன்' எனக் கேரளக் கட்சிக் கூட்டணிகளின் பெயரைத் தாங்கிய சுதந்திரர்களும் அங்கே உண்டு. தமிழ்ச் செவிக்கு இது முரணாகத் தோன்றினும் கேரள அரசியலில் இதற்குப் பழமை உண்டு: 1957-இல் 126 உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்ட சபையில் 60 இடங்களே பெற்ற கம்யூனிஸ்டுக் கட்சி, ஐந்து சுயேச்சைகளின் துணைகொண்டே ஈ. எம். எஸ். நம்பூதிரிப்பாடு தலைமையில் மந்திரிசபை அமைத்தது. முன்பு சென்னைச் சட்டசபையிலும் உறுப்பினராயிருந்த வி. ஆர். கிருஷ்ணய்யர் அவ்வைவருள் ஒருவராய் மந்திரிப் பதவியும் ஏற்றார்.

அதே ஆண்டில் எல்லைக்கு இப்பால் நிகழ்ந்தது இதன் மறுபுறம். திராவிட முன்னேற்றக் கழகம் கட்டுக்கோப்பான கட்சியாக இருந்தும் தேர்தல் கமிஷனின் அங்கீகாரம் அப்போது அதற்கு இல்லாமையால், காஞ்சிபுரத்தில் வென்ற அண்ணாதுரையும் குளித்தலையில் வென்ற கருணாநிதியும் ஏடுகளில் சுயேச்சைகளாகவே பதிவாயினர். 2017 டிசம்பரில் சென்னை ஆர். கே. நகர் இடைத்தேர்தலில் குக்கர் சின்னத்தில் வென்ற டி. டி. வி. தினகரனும் சுயேச்சையே, அவர் பின்னே ஓர் அணி முழுதும் நின்றது யாவரும் அறிந்தது. எனவே சட்டம் இச்சொல்லால் குறிப்பது மனிதனது இச்சையை அன்று, அங்கீகாரத்தின் இன்மையை மட்டுமே என்பது தெளிவு.

அந்த இன்மைக்கு விலையும் உண்டு. அங்கீகாரம் பெற்ற கட்சியின் அபேட்சகரை ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குப் பதின்மர் கையொப்பமிட வேண்டும். சின்னமோ, கமிஷன் ஒதுக்கிய பொதுப் பட்டியலிலிருந்து கிடைப்பது. ஒன்றையே பலர் கேட்டால் குலுக்கல். வாக்குச்சீட்டில் கட்சிக்காரர்களுக்குப் பின்னரே பெயர் வரும். பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறிலொரு பங்குக்கு மேல் பெறாதவருக்கு டெபாசிட் போய்விடும். இக்கட்டுப்பாடுகள் இறுகியதற்கு ஈரோடு மாவட்டத்து மொடக்குறிச்சியும் ஒரு காரணம் எனலாம். 1996-இல் அங்கே விவசாயிகள் தங்கள் குறைகளை உலகறியச் செய்யும்பொருட்டு ஒட்டுமொத்தமாக மனுத்தாக்கல் செய்ய, 1,033 பேர் களத்தில் நின்றனர்; வாக்குச்சீட்டு புத்தகமாகத் தைக்கப்பட்டது; தேர்தலும் ஒத்திவைக்கப்பட்டது. ரூ. 250 ஆக இருந்த சட்டசபை டெபாசிட் அவ்வாண்டிலேயே ரூ. 5,000 ஆகி, இன்று ரூ. 10,000 ஆக நிற்கிறது. தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் அதிற்பாதி. ஏழை அபேட்சகர் விளையாட்டுக்கு நிற்பவரோடு சேர்ந்து தடுக்கப்படுவது இவ்வேற்பாட்டின் குறை.

வென்றபின்னும் தளை ஒன்று தொடர்கிறது. 1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி, சுயேச்சையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பின்னர் எக்கட்சியில் சேர்ந்தாலும் பதவி இழப்பார். வெளியிலிருந்து ஆதரவு தருவதற்கோ மந்திரியாவதற்கோ தடையில்லை.

இலங்கையில் நிலைமை வேறு. விகிதாசாரப் பிரதிநிதித்துவம் வந்தபின் பாராளுமன்றத்துக்குத் தனியொருவர் தனித்து நிற்க வழியில்லாமையால், அங்குள்ள தமிழர் பேசுவது 'சுயேச்சைக் குழு' பற்றியே. தேர்தல் மாவட்டத்துக்கு உரிய இடங்களைவிட மூன்று பெயர்கள் கூடுதலாகக் கொண்ட பட்டியலை அக்குழு தாக்கல் செய்தல் வேண்டும்.